மங்கையற்கரசியும் எதிரே நின்ற இம்பாலாவும்

மங்கையற்கரசி அந்தக் காரைப் பார்ப்பதற்கு முன்னமே அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டாள்.

1997ஆம் ஆண்டு சித்திரை மாதம். பனி கரைந்து முடிந்திருந்தது. ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில், எமில்டா வீட்டு நிலவறையான பேஸ்மென்றில் அவள் குடியிருந்தாள். வேலையால் வந்து முகம் கழுவித் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது றோட்டிலிருந்து ஓர் உறுமல் வந்தது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. அடித்தொண்டையில் அடக்கி வைத்த உறுமல். ஆனாலும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேசையில் இருந்த கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுத்தது.

பேஸ்மென்ற் ஜன்னல் கூரையோடு ஒட்டி, படுக்க வைத்த பலகை போல ஒடுங்கியிருக்கும். அதற்குள்ளால் பார்த்தால் புல்லும் நடைபாதையும் போகிறவர்களின் கால்களும் தெரியும். தபால்காரனின் சப்பாத்து, பள்ளிப் பிள்ளைகளின் கால்கள், எமில்டாவின் புருஷன் சீமோனுடைய வான் வண்டியின் துருப்பிடித்த சில்லு, எல்லாம் அவளுக்குப் பழக்கம். அன்று எதிர்ப்பக்கம் வந்து நின்ற சில்லுகள் புதியவை. அகலமான ரயர்கள். நடுவில் வெள்ளித் தட்டு மாதிரித் துடைத்துத் துலக்கிய, ஐந்து ஆரக்கால் வைத்த வளையங்கள். அவற்றின்மேல் கறுத்த உடம்பு நிலத்தைத் தொடுகிற மாதிரித் தாழ்ந்து கிடந்தது.

எஞ்சின் நின்றது. கதவு திறக்கும், கால் ஒன்று இறங்கும் என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் இறங்கவில்லை.

தேத்தண்ணி ஆறிப்போனது. கதிரையில் ஏறி நின்று, திரைச்சீலையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். நீளமான கறுப்புக் கார். கண்ணாடிகளும் கறுப்பு. பின்பக்கம் ஓர் அன்ரெனா. உள்ளே ஓர் ஆள் இருக்கிற மாதிரி நிழல் அசைந்தது. அவள் கதிரையால் இறங்கி, லைற்றை அணைத்துவிட்டு, கட்டிலின் மூலையில் போய்க் குந்தினாள். கனநேரம் கழித்து உறுமல் மறுபடி கேட்டது. அது எங்கே போனது என்று பார்க்கத் துணிவு வரவில்லை.

அவள் அப்படிப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கனடாவுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. அவளுடைய அகதி வழக்கை நம்பமுடியாது என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். மேன்முறையீடும் சரிவரவில்லை. திருப்பி அனுப்புவதற்கு விமானநிலையத்துக்கு வா என்று நாள் குறித்தார்கள். அவள் போகவில்லை. அன்றைக்கே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பழைய அறையை விட்டு வெளிக்கிட்டவள்தான், ஆரோ சொல்லி ஆரோ கூட்டிவந்து, எமில்டாவின் பேஸ்மென்றில் ஒதுங்கினாள். அதன் பிறகு அவள் தேடப்படுகிற ஆள். வங்கிக் கணக்கு இல்லை, சுகமில்லை என்றால் டொக்டரிடம் போவதில்லை. பிளாசா ஒன்றில் சாப்பாட்டுக் கடைக் குசினியில் விடியப்புறம் போய் ரோல்ஸ் சுற்றுவாள். மத்தியானம் திரும்பிவிடுவாள். வவுனியாவில் தமக்கையின் வீட்டில் அவளுடைய மகள் தனுஷிகா இருந்தாள். தாய் வெளிக்கிட்டபோது அவளுக்கு ஆறு வயது.

அந்தக் காரில் பயப்பட இன்னொன்றும் இருந்தது. 1990இல் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தபோது அவள் கணவன் நவரட்ணத்தை விசாரிக்க வேண்டும் என்று சிலர் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் ஜீப்பில் வரவில்லை. இலக்கத்தகடு இல்லாத கறுப்புக் கார் ஒன்றில் வந்தார்கள். அதுவும் இப்படித்தான், இரண்டு பின்னேரங்கள் எதிரே வந்து நின்று, ஒருவரும் இறங்காமல் திரும்பிப் போனது. அடுத்த நாள் கதவுகள் திறந்தன. நவரட்ணம் சேர்ட்டை மாற்றிக்கொண்டு வாறன் என்றான். விடவில்லை. அவன் எங்கே என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

மறுநாளும் பின்னேரம் அந்தக் கார் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. சனி ஞாயிறு வரவில்லை. அரசாங்க ஆட்கள்தானே சனி ஞாயிறு வேலை செய்யமாட்டார்கள் என்று அவள் நினைத்தாள்.

பக்கக் கதவால் போய் வருவதை நிறுத்தினாள். பின்வளவால் போய், வேலியில் கழன்றிருந்த பலகையை விலக்கி, அடுத்த தெருவுக்குள் இறங்கி பஸ் எடுத்தாள். பஸ்ஸில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சமைக்கிற வாசம் வெளியில் போகும் என்று பின்னேரங்களில் அடுப்பு மூட்டாமல் பாணைத் தின்றாள். ரோல்ஸ் சுற்றும்போது மாவு திரும்பத் திரும்பக் கிழிந்தது. கடைக்காரர், "என்ன மங்கை, காய்ச்சலோ?" என்று கேட்டார். ஓம் என்றாள்.

இரண்டாம் கிழமை எமில்டா கீழே இறங்கி வந்தாள். எமில்டாவுக்கு ஐம்பது வயதிருக்கும், மன்னார்ப் பக்கம். சீமோன் அமெரிக்காவுக்கு லொறி ஓடுகிறவர் என்றபடியால் கிழமையில் பாதி நாள் அவள் தனியே. வழமையாக மாடிப்படியில் நின்றே சத்தம் போட்டுக் கதைக்கிறவள், அன்று கட்டிலில் வந்திருந்து குரலைத் தாழ்த்தினாள்.

"பிள்ளை, எதிரில வந்து நிக்கிற கறுப்புக் காரைக் கண்டனியே?"

"கண்டனான் அக்கா."

"மாதாவே, உது பொலிஸ்கார்தான். பொலிஸ்காரர் ஓடுற காரும் அச்சு உந்த உருவம்தான். ரகசியப் பொலிஸெண்டபடியால் கறுப்படிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

"அவங்கள் என்னத்தைப் பாக்கிறாங்கள் அக்கா?"

"உன்னை எண்டு நான் சொல்லேல்லை." எமில்டா தலையைக் குனிந்துகொண்டாள். "இந்தப் பேஸ்மென்றை வாடகைக்கு விட நாங்கள் நகரசபையிட்டை அனுமதி எடுக்கேல்லை. ஆரோ எரிச்சலில போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். சீமோனும் இல்லாத நேரம். நான் தனிய என்ன பதில் சொல்லுவன்?"

ஒரே வீட்டில் மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே காருக்குப் பயந்து திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள். ஆனால் எமில்டாவுக்கு அந்தப் பயத்தைக் குறைக்க ஒரு வழி இருந்தது. வியாழக்கிழமை மறுபடி இறங்கி வந்தாள். கையில் ஒரு கிண்ணம் மீன்குழம்பு. அதை மேசையில் வைத்துவிட்டு, மங்கையற்கரசியின் முகத்தைப் பாராமல் சொன்னாள்.

"கோவிக்காதை பிள்ளை. கொஞ்ச நாளைக்கு வேற எங்கையாவது நிண்டிட்டு வாவன். உந்தக் கார் போனாப் பிறகு வரலாம்."

"சரி அக்கா," என்றாள் மங்கையற்கரசி.

எங்கே போவது? நகரின் வோபர்ன் பகுதியில் ஒரு தூரத்து உறவு இருந்தது. போன மாதம் போன் எடுத்தபோது, வீட்டில் ஆட்கள் கூட என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. இன்னொரு அறை, இன்னொரு வேலி, இன்னொரு ஜன்னல் என்று எண்ணிப் பார்க்கவே உடம்பு சோர்ந்தது. விடிந்தபோது, இனி ஓட ஏலாது என்று முடிவெடுத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. தலைக்கு முழுகி, இருந்ததில் நல்ல உடுப்பை உடுத்தாள். பையில் இரண்டு மாற்றுடுப்பும் மகளின் படமும். குழம்புக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஆங்கிலத்தில் சொல்லவேண்டியதை மெல்லிய குரலில் பலமுறை சொல்லிப் பார்த்தாள். பின்னேரம் உறுமல் வந்து நின்றது. அவள் பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

நல்ல வெயில். றோட்டைக் கடக்கும்போது, இத்தனை நாள் கறுப்பென்று நினைத்த கார் வெயிலில் கருஞ்சிவப்பாக மின்னியதைக் கண்டாள். ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை. அவளுடைய உருவமே அதில் விழுந்தது: கையில் பை, வெளிறிய முகம்.  சுற்றிப் போய், நடைபாதைப் பக்கத்துக் கண்ணாடியில் தட்டினாள்.

கண்ணாடி மெல்ல இறங்கியது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன். கையில் துடைக்கிற பஞ்சுத் துணி.

"சேர், ஐ ஆம் மங்கையற்கரசி நவரட்ணம்," என்றாள். "ஐ ஆம் றெடி. ஐ வில் நொட் றன். பிளீஸ் சேர், நோ ஹாண்ட்கஃப்."

அந்த ஆள் அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். நாற்பது வயது மதிக்கத்தக்க, முன்தலை வழுக்கை விழத் தொடங்கிய முகம். அந்த முகத்திலும் பயம் இருந்தது.

"தமிழோ நீங்கள்?" என்றான். "தங்கச்சி, ஆர் உங்களை அனுப்பினது? நான் ஒரு அடிதடிக் குறூப்பிலையும் இல்லை. நான் ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை."

மங்கையற்கரசிக்கு விளங்க நேரம் பிடித்தது. விளங்கியதும் நடைபாதை விளிம்பில் அப்படியே இருந்துவிட்டாள். அவன் பதறி இறங்கி ஓடிவந்தான்.

"நீங்கள் பொலிஸ் இல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி. என்ர பேர் ஜூலியஸ். ஊர் மன்னாரில பேசாலை. உங்கை ஒரு பிளாஸ்ரிக் பக்ரறியில வேலை."

"பிறகேன் ஒவ்வொரு நாளும் உதுக்குள்ளையே இருக்கிறியள்?"

ஜூலியஸ் எதிர்வீட்டைக் காட்டினான். அது ஒரு சீனக் குடும்பத்தின் வீடு. அதன் மேல்மாடியில் ஓர் அறையும் கீழே கராஜும் அவன் வாடகைக்கு எடுத்திருந்தான். கராஜுக்காகத்தான் அந்த வீட்டையே எடுத்தான். வீட்டுக்காரன் பின்னேர வேலைக்கு வெளிக்கிடும்வரை அவனுடைய வான் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அது போனபிறகுதான் காரை உள்ளே விடலாம்.

"றோட்டில தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்லை," என்றான் ஜூலியஸ். "முந்தி இருந்த இடத்தில திறப்பாலை கீறிப்போட்டாங்கள். அதுதான் காவல் இருக்கிறன்."

அது இம்பாலா எஸ்.எஸ். என்ற கார். டிட்ரோயிட்டில் ஒரு கிழவரிடம் வாங்கி எல்லை கடந்து கொண்டுவந்திருந்தான். கிழவர் அதைக் கொஞ்சமாகத்தான் ஓடியிருந்தார். ஜூலியஸ் அதன் ஸ்பிரிங்குகளை மாற்றித் தாழ்த்தி, சைலன்சரை மாற்றி உறுமவைத்து, கண்ணாடிகளைக் கறுப்பாக்கினான். பெண்சாதி பிள்ளை இல்லாத மனுஷன். உழைப்பெல்லாம் அதற்குள்தான். பொலிஸ்காரர் ஓடுகிற காப்ரிஸும் அதுவும் ஒரே உடம்புக் கார்கள் என்பதை அவனே சொன்னான். சிலபேர் பொலிஸ் என்று ஒதுங்குவார்கள். கோப்பிக் கடை வாசல்களில் நிற்கிற பெடியள், "அண்ணை, இது எந்தக் குறூப்பின்ர கார்?" என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து இப்போது அந்தக் கடைகளுக்கே அவன் போவதில்லை.

அவள் எழுந்து பையை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்த பயம் பிடித்தது. பேரைச் சொன்னேன். ஓடமாட்டேன் என்றேன். விலங்கு வேண்டாம் என்றேன். இனி அவனுக்குத் தெரியாமல் என்ன மிச்சம்? ஒரு போன் எடுத்தால் போதும். அப்படிக் காட்டிக்கொடுக்கப்பட்டவர்களின் கதைகள் குசினியில் அடிக்கடி அடிபடும்.

அடுத்த நாள் ஜூலியஸ் எமில்டா வீட்டுக் கதவைத் தட்டினான். காரின் ஆள் வாசலில் நிற்பதைக் கண்ட எமில்டா, "சீமோன் வீட்டில இல்லை, பேஸ்மென்றில சாமான்தான் கிடக்கு," என்று தமிழிலேயே அலறினாள். அவன் தன்னை அறிமுகப்படுத்தி, பேசாலையில் தன் பெரியம்மாவின் பேரைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மங்கையற்கரசியிடம் அவன் படியில் நின்றபடியே சொன்னான்.

"தங்கச்சி, நான் ஒண்டும் கேக்கேல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன். வோபர்னில எனக்குத் தெரிஞ்ச ஒரு லோயர் இருக்கிறா. இஞ்ச தங்கிறதுக்கு மனிதாபிமான வழியால திரும்ப விண்ணப்பிக்கலாமெண்டு சொல்லுவா. விருப்பமெண்டால் கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம் அண்ணை," என்றாள்.

நம்பவில்லை. லோயரிடம் போவது என்றால் தானே வலையில் போய் விழுவது என்றுதான் அவளுக்குப் பட்டது. சித்திரை போய் வைகாசி வந்தது. கார் வந்து நின்று போய்க்கொண்டிருந்தது. பொலிஸ் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த உறுமல் வரும்போது அவளுடைய கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது.

வைகாசிக் கடைசியில் வவுனியாவுக்குப் போன் எடுத்தாள். தமக்கையோடு கதைத்துவிட்டு, பிள்ளையைத் தா என்றாள்.  பிறகு தமக்கையே திரும்பவும் வந்தாள்.

"விளையாடிக்கொண்டிருக்கிறாள். பிறகு கதைக்கிறாளாம்."

"அம்மா தன்னை எப்ப கனடாவுக்குக் கூப்பிடுவா எண்டு கேட்டவளோ?"

"முந்தி ஒவ்வொரு நாளும் கேப்பாள்," என்றாள் தமக்கை. "இப்ப கேக்கிறேல்லை மங்கை."

மங்கையற்கரசி போனை வைத்தாள். பிடிபடுவதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறதென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. பின்னேரம் எதிர்ப்பக்கம் போய்க் கண்ணாடியில் தட்டி, "எப்ப போவம் அண்ணை?" என்று கேட்டாள்.

ஜூலியஸ் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போனான். காருக்குள் மெழுகும் தோலும் கலந்த வாசம் அடித்தது. கால் வைக்கும் இடத்தில் ஒரு துவாய் விரித்திருந்தான். அவள் சப்பாத்தைக் கழற்றப் போனாள். "வேண்டாம், வேண்டாம்," என்றான், ஆனால் துவாயை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டான். உறுமல் இப்போது அவளுடைய முதுகுக்குள் கேட்டது.

மார்க்கம் றோட்டால் இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் சிவப்பு லைற் சுழன்றது.

ஜூலியஸ் ஓரமாக நிறுத்தினான். மங்கையற்கரசி பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். இதே உடம்புள்ள வெள்ளைக் கார். உண்மையான பொலிஸ்கார். அதிலிருந்து உயரமான ஒருவன் இறங்கி, இடுப்பில் கை வைத்தபடி நடந்து வந்தான்.  வவுனியா, தனுஷிகா, இரண்டும் தலைக்குள் சுற்றின. இந்த ஆளும் லோயரும் சேர்ந்து செய்த வேலையோ என்றும் ஒரு கணம் நினைத்தாள். கதவுப் பிடியில் கை போனது.

"அசையாதேங்கோ," என்றான் ஜூலியஸ் உதடு அசையாமல். "கை மடியில இருக்கட்டும்."

பொலிஸ்காரன் லைசன்ஸ் கேட்டான். யாருடைய கார் என்று கேட்டான். குனிந்து அவளைப் பார்த்து, "மனைவியா?" என்றான். "சகோதரி" என்றான் ஜூலியஸ். பொலிஸ்காரன் காகிதங்களோடு தன் காருக்குப் போனான். தன் பெயரை அவன் றேடியோவில் எங்கோ சொல்லிக்கொண்டிருக்கிறான் என்றே அவள் நினைத்தாள். யாரும் அவளிடம் பெயரே கேட்கவில்லை என்பதுகூட அந்த நேரம் மனதில் ஏறவில்லை. பேருந்துகள் போயின, வந்தன. நிறுத்தத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அழக்கூடாது என்று கீழ் உதட்டைக் கடித்ததில் இரத்தம் உப்புக் கரித்தது.

அவன் திரும்பி வந்தான். சத்தம் அதிகம், சைலன்சரைச் சரிபார் என்றான். பிறகு காரைச் சுற்றி நடந்தான். முன்மூடியைத் தொடாமல் கையை மேலால் கொண்டுபோனான்.

"நன்றாக வைத்திருக்கிறாய்," என்றான். "என்னிடமும் இதுபோல ஒன்று இருந்தது, மனைவி சொன்னாள் என்று விற்றுவிட்டேன்."

அவன் போனபிறகும் ஜூலியஸ் காரை எடுக்கவில்லை. ஸ்ரியரிங்கில் இருந்த அவனுடைய இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருப்பதை மங்கையற்கரசி கண்டாள்.

"உங்களிட்டை சிற்றிசன் இருக்கெல்லோ அண்ணை. நீங்கள் ஏன் நடுங்கிறியள்?"

"எத்தனையோ தரம் மறிச்சிட்டாங்கள்," என்றான். "ஒவ்வொருக்காலும் உப்பிடித்தான். பேசாலையில செக்பொயின்ற் கடக்கிறபோது வந்த நடுக்கம், இஞ்ச வந்தும் போகேல்லை."

"பிறகேன் உந்தக் கார்? ஒரு சின்னக் காரை வாங்கி ஓடலாமே."

அவன் யோசித்தான். "எனக்கு விருப்பம் தங்கச்சி," என்றான் கடைசியில். "வேற ஒண்டுமில்லை."

மங்கையற்கரசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அண்ணை, நீங்கள் என்னைக் காட்டிக்குடுக்கப் போறியளெண்டு நினைச்சிட்டன். இப்பவும் நினைச்சனான்."

"தெரியும்," என்றான் அவன். காரை எடுத்தான்.

லோயர் யூஜினி மெலிந்த, வேகமாகக் கதைக்கிற பெண். ஒளித்திருந்துகொண்டு விண்ணப்பம் போட முடியாது, முதலில் என்னோடு வந்து குடிவரவு அதிகாரிகள் முன்னால் நில் என்றாள். அந்த நாளை மங்கையற்கரசி எப்படிக் கடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு சிறிய அறையில் பலமணிநேரம் இருத்தி வைத்தார்கள். ஒவ்வொருமுறை கதவு திறக்கும்போதும் எழுந்து நின்றாள். கடைசியில், தானாக வந்தவள் என்றபடியால், மாதாமாதம் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்று சொல்லி வெளியே விட்டார்கள்.

பிறகு ஒன்றரை வருஷத்துக்கு மேல் அந்தக் கையெழுத்துத்தான் அவளுடைய வாழ்க்கை. இந்த மாதம் திரும்ப விடமாட்டார்கள் என்று நினைத்து ஒவ்வொரு மாதமும் பையோடு போனாள். ஜூலியஸ் நேரமிருந்தால் ஏற்றிப்போய் வெளியே காத்து நிற்பான். மழைக்கோ பனிக்கோ இம்பாலா வெளியே வராது. றோட்டில் போடுகிற உப்பு உடம்பை அரித்துவிடும் என்று மாரி முழுக்க அதைப் போர்த்து மூடி வைத்துவிட்டு, ஒரு பழைய கொறோலாக் காரில் வருவான். எமில்டா அவளுக்காக மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். வேறெங்கோ போ என்று சொன்ன அந்த நாளைப் பற்றி இருவரும் ஒருபோதும் கதைக்கவில்லை.

1999ஆம் ஆண்டு தொடக்கத்தில் சம்மதம் வந்தது. விண்ணப்பத்தில் மகளையும் சேர்த்திருந்ததால் அந்த ஆண்டு மார்கழியில் தனுஷிகா ஒரு குடும்பத்தோடு சேர்ந்து ரொறன்ரோவுக்கு வந்து இறங்கினாள்.

விமானநிலையத்துக்கு மங்கையற்கரசி தேவைக்கும் முந்தியே போய்விட்டாள். ஜூலியஸ் கோப்பி வாங்கிக் கொடுத்தான், அவள் குடிக்கவில்லை. கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. பிள்ளைகள் ஓடிவந்து தகப்பன்மாரின் கழுத்தைக் கட்டினார்கள்.  என்னை அடையாளம் தெரியாவிட்டால்? என்னோடு வரமாட்டேன் என்றால்?

ஒரு மெல்லிய, உயர்ந்த பிள்ளை வெளியே வந்தாள். பெரிய ஆட்களின் குளிர்ச்சட்டை. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். நெற்றி நவரட்ணத்தின் நெற்றி. அவள் வந்து ஓர் எட்டுத் தள்ளியே நின்று, மங்கையற்கரசியின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கள்தானே அம்மா?" என்று கேட்டாள்.

"ஓம் பிள்ளை," என்றாள் மங்கையற்கரசி.

கட்டிப்பிடிக்கக் கை எழுந்தது. பிள்ளை பயந்துவிடுவாளோ என்று பாதியிலேயே நிறுத்தினாள். கைப்பையை வாங்க நீட்டினாள். தனுஷிகா அதைக் கொடுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள்.